செங்கல்பட்டுச் சிறையில் எழுதிய முந்நூறு பக்கம்

2019 ஏப்ரலில் ஜீ5 தளத்தில் ஒரு தமிழ்க் குற்றத் தொடர் வெளியானது. பெயர் ‘ஆட்டோ சங்கர்’. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் பெயரை அப்படியே தலைப்பில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு இது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. வீரப்பன் பெயரில் தொடர் வருகிறது, ஆவணப்படம் வருகிறது, ஓய்வுபெற்ற அதிகாரிகள் கேமரா முன் உட்கார்ந்து பழைய வழக்குகளைக் கதையாகச் சொல்கிறார்கள். இந்தத் துணிச்சலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்த கதை செங்கல்பட்டு கிளைச்சிறையில் தொடங்குகிறது. அதை எழுதத் தொடங்கியவரும் அதே ஆட்டோ சங்கர்தான்.

வேலூரை அடுத்த காங்கேயநல்லூரிலிருந்து சென்னைக்கு வந்தவர் கௌரி சங்கர். ஆட்டோ ஓட்டினார். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கரையில் அன்று மீனவர் குப்பங்களும் சவுக்குத் தோப்புகளும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் பின்னாளில் வந்தவை. அந்தக் கரையில் கள்ளச்சாராயம் ஓடியது. சங்கரின் ஆட்டோ அதைச் சுமந்தது. சாராயத்திலிருந்து பாலியல் தொழிலுக்கும், அங்கிருந்து கொலைக்கும் போனது அந்தப் பாதை. 1980களின் கடைசியில் ஆறு கொலைகளுக்காக அவர் மீதும் கூட்டாளிகள் மீதும் வழக்கு வந்தது. நடுவே சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒரிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். 1991 மே 31 அன்று செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது.

தீர்ப்பு வரும் முன்பே சினிமா அவரை எடுத்துக்கொண்டுவிட்டது. 1990 பொங்கலுக்கு வந்த ‘புலன் விசாரணை’ ஆர். கே. செல்வமணியின் முதல் படம். திருவான்மியூர் வழக்கின் சாயல் படம் முழுக்க இருந்தது. பெயர் மட்டும் எங்கும் இல்லை. சங்கரை நினைவூட்டிய பாத்திரத்துக்குத் தர்மா என்று பெயர் வைத்தார்கள், நடித்தவர் ஆனந்தராஜ். வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும்போது வேறு எப்படிச் செய்திருக்க முடியும்? அன்றைய தமிழ்ப் படத்தில் குற்றவாளி என்பவர் கதாநாயகன் வந்து பிடிப்பதற்காகக் காத்திருக்கும் ஆள். நாயகன் விஜயகாந்த், போலீஸ் அதிகாரி ‘ஹானஸ்ட் ராஜ்’. கதை அவருடையது, கைதட்டலும் அவருக்கே.

ஆனாலும் வில்லன்களுக்கு அந்தப் படம் வாழ்வு கொடுத்தது. இன்னொரு வில்லனாக வந்த சரத்குமார் இரண்டே ஆண்டில் ‘சூரிய’னில் கதாநாயகன், 1994இல் ‘நாட்டாமை’. ஆனந்தராஜின் பாதை வேறு மாதிரி வளைந்தது. பல வருஷம் மிரட்டிய அதே குரலை, அதே முறைப்பை வைத்துக்கொண்டு ‘நானும் ரௌடிதான்’, ‘மரகத நாணயம்’ படங்களில் சிரிக்க வைத்தார். பழைய தர்மாவைப் பார்த்துப் பயந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவர் நகைச்சுவை நடிகர்.

செங்கல்பட்டுக்குத் திரும்புவோம். 1991இல் அங்கே கிளைச்சிறையில் இருந்தபோது சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார், ஏறத்தாழ 300 பக்கம் என்று பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு சொல்கிறது. சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே கைப்பிரதி குடும்பத்தார் கைக்கு வந்து வழக்கறிஞரிடம் போனதாம். அதை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட வேண்டும் என்று சங்கர் விரும்பியதாகவும் மனு சொல்கிறது.

1994 மே மாதம், கதை விரைவில் வருகிறது என்று ‘நக்கீரன்’ அறிவித்தது. தூக்குக் கைதி ஒருவர் தன் குற்றங்களைச் சொல்லப்போகிறார் என்பதற்காக யாரும் பதறவில்லை. அவரோடு தொழில் உறவு வைத்திருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் யார் யார் என்று அந்தக் கைப்பிரதி சொல்லும் என்பதுதான் பதற்றம். அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அதிகாரிகள் வந்ததற்கு வீடியோ கேசட்டும் புகைப்படங்களும் சாட்சி என்று இதழ்த் தரப்பு சொன்னது. சிறைக்குள் சங்கரை அடித்து மிரட்டி, ‘என் கதையை வெளியிட வேண்டாம்’ என்று கடிதம் எழுத வைத்தார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஜூன் 15 தேதியிட்டு சிறைத்துறைத் தலைவரிடமிருந்து ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. சங்கர் அப்படி எதையும் எழுதவில்லை, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை பாயும் என்பது சாரம்.

ஆசிரியர் கோபாலும் இணை ஆசிரியர் காமராஜும் நேரே உச்ச நீதிமன்றம் போனார்கள். வழக்கேட்டில் கோபாலின் பெயர் ஆர். ராஜகோபால். சட்டக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு ‘ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ என்றால் தெரியும். அந்த ராஜகோபால் நம் மீசைக்கார நக்கீரன் கோபால்தான் என்பது பலருக்குப் பிறகுதான் உறைக்கும்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டி, எஸ். சி. சென் தீர்ப்புச் சொன்னார்கள். சங்கர் எதிரில் இல்லை; அவர் எழுதினாரா, அனுமதித்தாரா என்பது நிரூபணமாகவில்லை. சரி, எழுதவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இதழுக்கு மிகவும் பாதகமான அந்த நிலையில் நின்றுகொண்டே அது வகுத்த விதிதான் முக்கியம்.

குடிமகனுக்கு அந்தரங்க உரிமை உண்டு; அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்றவற்றை எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் ஒரு செய்தி நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் ஏறிவிட்டால் அதைப் பற்றி எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். பாலியல் குற்றத்துக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயருக்கு மட்டும் விலக்கு; ஆவணத்தில் இருந்தாலும் அதை ஊருக்குச் சொல்லக் கூடாது. அதிகாரிகள் விஷயத்தில் தீர்ப்பு இன்னும் கறார். தங்கள் பதவிப் பணி பற்றி எழுதப்படுவதைத் தடுக்க அவர்களுக்கு அந்தரங்க உரிமை என்ற கேடயம் கிடையாது. அமெரிக்காவில் ‘நியூயார்க் டைம்ஸ்’ 1964இல் வென்ற சல்லிவன் வழக்கை இந்த இடத்தில் நீதிபதிகள் துணைக்கு அழைத்தார்கள். அவதூறு என்று அஞ்சி முன்கூட்டியே தடை போட அரசுக்கு அதிகாரம் இல்லை. வெளியான பிறகு வழக்குப் போடட்டும்.

ஆறு மாதம் கழிந்து, 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு மட்டும் நீண்ட ஆயுளோடு இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அந்த முடிவுக்குப் போன படிகளில் ஒன்றாக ராஜகோபால் வழக்கும் இருந்தது.

திரையிலும் வரிசை மாறியது. 2007இல் மக்கள் தொலைக்காட்சிக்காக வ. கௌதமன் ‘சந்தனக்காடு’ எடுத்தார். வீரப்பனாக நடித்தவர் கராத்தே ராஜா. சினிமாவில் நாயகனிடம் அடி வாங்கிவிட்டுப் போகும் வேடங்களில் பழகிய முகம், தொலைக்காட்சியில் வாரக்கணக்காகக் கதையின் நடுவில் நின்றது. 2019 தொடரில் சங்கராக நடித்த அப்பாணி சரத்தின் கதையும் அதே வகை. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி 86 புதுமுகங்களை வைத்து 2017இல் எடுத்த ‘அங்கமாலி டைரீஸ்’ மலையாளப் படத்தில் அப்பாணி ரவி என்ற ரௌடி வேடம். அந்தப் பெயரே சரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘சண்டக்கோழி 2’ போன்ற படங்களில் சிறு வேடம், பிறகு ‘ஆட்டோ சங்க’ரில் முழு வேடம். போலீஸாக வரும் நட்சத்திரத்துக்குக் குற்றவாளி துணைப் பாத்திரமாக இருந்த காலம் போய், துணை நடிகர் குற்றவாளியாக வந்து தொடரையே தோளில் சுமக்கும் காலம் வந்தது.

2023 டிசம்பரில் அதே ஜீ5இல் ‘கூச முனிசாமி வீரப்பன்’ வந்தது. அதன் முதுகெலும்பு 1990களில் கோபால் காட்டுக்குள் போய் எடுத்த வீரப்பன் பேட்டி வீடியோக்கள். இந்த முறை வேடம் கட்ட ஆளே தேவைப்படவில்லை. வீரப்பன் தானே பேசினார், 1994இல் மனுப் போட்ட ஆசிரியரும் தானாகவே திரையில் வந்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தீர்ப்புக் கொடுத்த சொத்தில் நம் குற்றத் தொடர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பங்கைத்தான். கொலைகாரரின் பெயரைத் தலைப்பில் போடும் உரிமையை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். செங்கல்பட்டில் எழுதப்பட்ட பக்கங்களைக் கண்டு சிலர் நடுங்கியது கொலைகாரரின் பெயருக்காக அல்ல. சாராயம் அந்தக் கரை நெடுக ஓடுவதற்கு யார் கண்ணை மூடிக்கொண்டார்கள், கிரகப்பிரவேசத்துக்கு யார் வந்தார்கள் என்ற கேள்விக்காக. நீதிமன்றம் அந்தக் கேள்விக்கும் வழி திறந்து வைத்திருக்கிறது. ஆவணத்தில் இருக்கும் அதிகாரியின் பெயரை ஆவணத்தில் இருப்பது போலவே சொல்லலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மறைக்க வேண்டும். அடுத்து ஒரு உண்மைக் குற்றத் தொடர் வரும்போது நாம் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான். கொலைகாரரின் பெயர் எப்படியும் தலைப்பிலேயே இருக்கும்.