மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதி, விதைத் தாவரங்களில்

விதைத் தாவரச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில், உட்கருவுக்குப் புறம்பாக அமைந்த டி.என்.ஏ. தொகுப்பு. ஆதியில் செல்லுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவின் எச்சம். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியே கடத்தப்படுகிறது.

மனிதரில் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியின் நீளம் 16,569 கார இணைகள். தாவரங்களில் பன்மடங்கு பெரியது. சைலீன் கோனிகா என்னும் தாவரத்தில் 1.1 கோடியைத் தாண்டுகிறது. ஆயினும் புரத மரபணுக்கள் சில பத்துகளே. மிகுதிப் பரப்பை மரபணுக்களிடை வரிசைகளும், பசுங்கணிகம், உட்கரு ஆகியவற்றிலிருந்து வந்து சேர்ந்த துண்டுகளும் நிரப்புகின்றன. பல மரபணுக்கள் பரிணாமப் போக்கில் உட்கருவுக்கு இடம்பெயர்ந்துள்ளன.

வியப்புக்குரியது இதன் பரிணாம வேகம். மீள்வரிசைகளுக்கிடையே நிகழும் மறுசேர்க்கையால் மரபணுக்களின் வரிசைமுறை விரைந்து கலைகிறது. மரபணுக்களின் கார வரிசையோ பெரும்பாலும் மிக மெதுவாகவே மாறுகிறது. கடுகுப் பேரினமான பிராசிகாவின் இனங்களில் ஆய்வாளர்கள் பாமரும் ஹெர்பனும் இதை 1988இல் விளக்கினர். பூக்கும் தாவரங்களில் முதன்முதலாக முழுமையாக வரிசைப்படுத்தப்பட்டது அராபிடாப்சிசின் தொகுதி (1997). ஆமணக்கின் தொகுதி 2011இல் வெளியானது. நீளம் 5,02,773 கார இணைகள்.

மறுசேர்க்கையால் தோன்றும் புதிய கலப்பு மரபணுக்கள் சில பயிர்களில் சைட்டோபிளாச ஆண் மலட்டுத்தன்மையை உண்டாக்குகின்றன. இந்தியாவின் முதல் வீரியச் சோளமான சி.எஸ்.எச். 1 (1964) இத்தகைய மலட்டு மரபுவழியைத் தாயாகக் கொண்டது. ஆமணக்கில் வீரிய விதை உற்பத்தி வேறு முறையிலானது; பெண் பூக்களை மட்டுமே தாங்கும் மரபுவழிகளே அங்குத் தாய்.