ராஜாஜி எதிர்த்த ஊசி



இரண்டு நாளாக நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி வீண், ராஜாஜியே 1955-ல் எதிர்த்தார், செங்கல்பட்டு ஆராய்ச்சியிலும் அது தோற்றுவிட்டது என்று. அனுப்பியவர் குடவாசலில் என்னிடம் படித்தவர், அடுத்த மாதம் தாத்தா ஆகப்போகிறவர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராஜாஜி எதிர்த்ததும் உண்மை, செங்கல்பட்டு முடிவும் உண்மை. சிக்கலே அங்குதான்.

பி.சி.ஜி.யில் உள்ள சி கால்மெட், ஜி கெரான். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை, 13 வருஷம், சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தை அடக்கினார்கள். 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வுக்கூடத்தில் இந்த மருந்தோடு வீரியமுள்ள கிருமி கலந்துபோய், 70-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. ஆய்வுக்கூடத்தின் தவறு, கெட்ட பெயர் மருந்துக்கு.

நம் நாட்டில் 1948-ல் மதனப்பள்ளியில் தொடங்கினார்கள். அதே ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடமும் வந்தது. பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார்கள். முதலில் கையில் ஒரு சோதனை ஊசி. மூன்றாம் நாள் வந்து பார்த்து, தடிப்பு இல்லாதவர்களுக்கு மட்டும் பி.சி.ஜி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் ஊசி ஜீப் வந்தால் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஓடிய பையன்கள் உண்டு. (யார் யார் என்று சொல்ல மாட்டேன். சிலர் இதைப் படிப்பார்கள்!)

ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டது 1954-ல். அடுத்த வருஷமே இந்த ஊசியை எதிர்த்துப் பேசினார், தனிச் சிறுநூலே எழுதினார். நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைகளுக்குள் உயிருள்ள கிருமியைச் செலுத்துகிறீர்களே, இத்தனை பெரிய அளவில் செய்வதற்கு ஆதாரம் போதுமா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் விட்டுக்கொடுக்கவில்லை. நேருவும் திட்டத்தின் பக்கமே நின்றார். என்னைக் கேட்டால் ராஜாஜியின் கேள்வி நியாயமான கேள்வி. பதில் சொல்ல அன்று நம் மண்ணில் நடந்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை.

அந்த ஆய்வு 1968-ல் தொடங்கியது, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில். சுமார் 2,60,000 பேர். சிலருக்கு உண்மையான ஊசி, சிலருக்கு வெறும் ஊசி, யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. 1979-ல் முதல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவே இல்லை! இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஏறக்குறைய 80 சதவீதம் வேலை செய்த அதே மருந்து. ராஜாஜி 1972-லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஏன் இப்படி? பல அறிஞர்கள் சொல்லும் காரணம் இது: வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள் நிறைய. அவற்றோடு பழகிய உடம்பில் பி.சி.ஜி. புதிதாக எதையும் சாதிப்பதில்லை. சேற்றில் கால் வைக்காத டெல்டாப் பிள்ளை உண்டா?

இப்போது கவனியுங்கள். அந்த ஆய்வு முக்கியமாக அளந்தது நுரையீரல் காசநோயை. கைக்குழந்தைக்கு ஆபத்து வேறு. கிருமி ரத்தத்தில் கலந்து மூளையின் உறைக்குப் போய்விடும். வாரக்கணக்கில் காய்ச்சல், வாந்தி, சோர்வு. கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விடும். அப்படிப் பிழைத்து வந்து, காது கேளாமல், முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். கணக்கில் கெட்டிக்காரன்.

இந்த மூளைக்காய்ச்சலையும், உடம்பெங்கும் பரவும் காசநோயையும், குழந்தையிலேயே போட்ட பி.சி.ஜி. 70 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது. 2002-ல் உலகில் போட்ட சுமார் 10 கோடி ஊசிகள் ஏறத்தாழ 30,000 குழந்தைகளை அந்த மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பாற்றியிருக்கும் என்று 2006-ல் லான்செட் இதழில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆக, செங்கல்பட்டில் தோற்றது பெரியவர்களைக் காக்கும் என்ற நம்பிக்கை. பிறந்த குழந்தைக்கான ஊசி வேறு கணக்கு.

தாத்தா ஆகப்போகிறவருக்கு இரண்டு வார்த்தை. ஊசி இடது தோளில், பிறந்தவுடனே. சில வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து தழும்பாகும். மஞ்சள், களிம்பு எதுவும் தடவ வேண்டாம். தவறிவிட்டால் ஒரு வயதுக்குள் போடலாம். மருந்துக் குப்பியை ஒருமுறை கலக்கினால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் பல இடங்களில் குழந்தைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் போடுவார்கள். எந்தக் கிழமை என்று நர்ஸம்மாவிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.