டாங்கோ நேரடி இசைக்குழுக்கள்

டாங்கோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லா பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும், அதாவது அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலும் உருகுவேயின் மொன்டேவீடியோவிலும், உருவான ஆடலிசை. ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஆப்பிரிக்க வழிவந்தோரும் உள்ளூர் மக்களும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகள் அதன் பிறப்பிடம். 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாக ஏற்றது. இன்று டோக்கியோ, ரோட்டர்டாம், பாரிஸ், பெல்கிரேடு, மாஸ்கோ எனப் பல ஊர்களில் இதை மேடையேறி வாசிக்கும் குழுக்கள் இருக்கின்றன. இசைத்தாளில் எழுதிவைக்கப்படாத ஒரு வாசிப்பை அந்த அயலூர்க் கலைஞர்கள் எப்படிக் கைவசப்படுத்தினார்கள் என்பதுதான் இந்தக் குழுக்களின் வரலாற்றில் முக்கியமான செய்தி.

டாங்கோ வாசிக்கும் இசைக்குழுவுக்கு ‘ஓர்கெஸ்டா டிப்பிக்கா’ என்று பெயர். 1911 வாக்கில் விசென்டே கிரேக்கோ தம் குழுவுக்கு வைத்த பெயர் அது. நான்கு பந்தோனியோன் (பொத்தான்கள் கொண்ட துருத்திக் கருவி), நான்கு வயலின், ஒரு பியானோ, ஒரு டபுள் பேஸ் என்பது பின்னாளில் நிலைத்த அமைப்பு. 1924இல் குழு தொடங்கிய ஹூலியோ தெ காரோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி வேலை பிரித்துக் கொடுத்து, டாங்கோவைக் கேட்டு ரசிக்கும் இசையாகவும் ஆக்கினார். 1935இல் ஹுவான் தாரியென்ஸோ துள்ளலான தாளத்தால் ஆடுவோரை மீண்டும் அரங்குக்கு இழுத்தார். அடுத்த இருபது ஆண்டுகள் பொற்காலம். பிறகு அரசியல் மாற்றமும் ராக் இசையும் வந்தன. பெரிய குழுக்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. பல குழுக்கள் கலைந்தன.

ஓர்கெஸ்டா டிப்பிக்காவில் தாள வாத்தியமே கிடையாது. தாளம் முழுவதையும் தந்திகளும் துருத்தியும் பியானோவும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். டபுள் பேஸ் கலைஞர் அழுத்தமான அடிக்குச் சற்று முன்பாகவே வில்லைத் தொடங்கி, ஒலியை இழுத்து வந்து அடியின்மேல் போடுவார். ‘அர்ராஸ்ட்ரே’ எனப்படும் இந்த இழுப்புதான் ஆடுபவரின் காலடிக்கு உந்துதல். வயலின் கலைஞர் பிரிட்ஜுக்குப் பின்னால் வில்லை அழுத்தித் தேய்த்துச் சில்வண்டு போலக் கரகரப்பை எழுப்புவார். இரண்டு தந்திகளுக்கு நடுவே இடக்கை விரலைச் செருகிச் சுண்டினால் சிறு பறையின் தட்டொலி கிடைக்கும். ஒஸ்வால்டோ புக்லியேஸேயின் குழு நான்கு அடிகளில் முதலாவதையும் மூன்றாவதையும் பாரமாக ஊன்றி, மற்ற இரண்டையும் ஆழத்தில் அமுக்கி வாசிக்கும். அவருடைய ‘லா யும்பா’ என்ற படைப்பின் பெயரே அந்த அடிக்கும் பெயராயிற்று. எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்ற ஏற்பாட்டை எழுதாமல், மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு கூடி வாசிக்கும் பழக்கமும் உண்டு. இவற்றில் பெரும்பகுதி ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கற்றவை.

பந்தோனியோன் ஜெர்மனியில் பிறந்தது. கிரேஃபெல்டு நகரின் ஹைன்ரிஷ் பாண்டு 1840களில் விற்ற கருவியிலிருந்து வளர்ந்தது. ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் உலோக நாக்குகள்தான் ஒலிக்கின்றன. ஆனால் கட்டைகள் வரிசையாக இல்லை. வலக்கைக்கு 38, இடக்கைக்கு 33 என்று 71 பொத்தான்கள், ஒழுங்கு எளிதில் பிடிபடாதபடி சிதறிக் கிடக்கும். துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம், அதே பொத்தானை அழுத்தித் துருத்தியைச் சுருக்கும்போது வேறொரு சுரம். ஆகவே மாணவர் ஒவ்வொரு கைக்கும் இரண்டு விரலமைப்புகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார். அர்ஜென்டினக் கலைஞர்கள் பெரும்பாலும் விரித்தே வாசிப்பார்கள். துருத்தி முழுதும் விரிந்ததும் வலக்கட்டைவிரலால் காற்று வால்வைத் திறந்து, தொடைமேல் சட்டென்று மூடி, அடுத்த வரிக்குத் தயாராவார்கள். சாக்சனியின் கார்ல்ஸ்ஃபெல்டில் ஆல்ஃபிரடு அர்னோல்டு தயாரித்த ‘டபுள் ஏ’ கருவிகளுக்கே மதிப்பு அதிகம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலை அரசுடைமையாகி உற்பத்தி நின்றது. அன்று முதல் பழைய கருவிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. 2009இல் அர்ஜென்டினா அவற்றைப் பாதுகாக்கச் சட்டமே இயற்றியது.

டாங்கோவை முழுமனதோடு ஏற்ற அயல்நாடுகளில் ஒன்று ஜப்பான். பந்தோனியோன் கலைஞர் ஷின்பே ஹயகவா போருக்குப் பின் ‘ஓர்கெஸ்டா டிப்பிக்கா டோக்கியோ’வை நடத்தினார். அதன் பாடகி ரான்கோ ஃபுஜிசாவா 1953இல் புவெனஸ் ஐரிஸ் சென்று, அந்த ஊர்க்காரர்கள் முன்னிலையிலேயே ஸ்பானிஷில் பாடி வரவேற்பைப் பெற்றார். மறு ஆண்டு ஹுவான் கனாரோவின் குழுவும், 1965இல் புக்லியேஸேயின் குழுவும் ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்தன. சொந்த ஊரில் டாங்கோ ஓய்ந்துகொண்டிருந்த காலத்தில் ஜப்பானிய ரசிகர்கள் அதற்குக் கொடுத்த ஆதரவு சாதாரணமானதல்ல. 1973இல் பிறந்த ரியோட்டா கோமட்சு அந்த மரபில் வந்த பந்தோனியோன் கலைஞர்.

ஃபின்லாந்தின் கதை வேறு. அங்கே அக்கார்டியன் முன்னிலைக்கு வந்தது. சோகச் சுரங்கள் மேலோங்கிய, அந்நாட்டுக்கே உரிய டாங்கோ உருவானது. செய்னாயோக்கி நகரில் 1985 முதல் அதற்கு ஆண்டுவிழா நடக்கிறது.

ஐரோப்பாவில் கற்பித்தலுக்கு வழிசெய்தவர்களில் நாடு துறந்து வந்தவர்களும் உண்டு. 1970களில் பிரான்சில் குடியேறிய ஹுவான் ஹோசே மொசலினி, பாரிஸை ஒட்டிய ஜென்வில்லியேயின் இசைப்பள்ளியில் பந்தோனியோன் கற்றுக்கொடுத்தார். ரோட்டர்டாமின் கோடார்ட்ஸ் கல்லூரியில் அர்ஜென்டின டாங்கோவுக்கென்றே தனித்துறை அமைந்தது. புக்லியேஸே அதன் கௌரவ இயக்குநராக இருந்தார். டச்சு பந்தோனியோன் கலைஞர் காரெல் கிராயென்ஹோஃப், 2002 பிப்ரவரி 2 அன்று ஆம்ஸ்டர்டாமில் நடந்த நெதர்லாந்து இளவரசர் வில்லெம் அலெக்சாண்டரின் திருமணத்தில் டாங்கோ இசையமைப்பாளர் அஸ்டோர் பியசோலாவின் ‘அடியோஸ் நோனினோ’வை வாசித்தார். மணமகள் மாக்சிமா அர்ஜென்டினாவில் பிறந்தவர். அவர் கண்ணீர் விட்டதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது.

புவெனஸ் ஐரிஸிலேயே இந்த வாசிப்பு அறிவு அறுந்துபோகும் நிலை வந்தது. பொற்காலக் கலைஞர்கள் முதுமையடைந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் அமர்ந்து கற்க இளையவர்களுக்கு இடமில்லை. டபுள் பேஸ் கலைஞர் இக்னாசியோ வார்ச்சாவ்ஸ்கி 2000இல் ஒரு பயிற்சிக்குழுவைத் தொடங்கி, புக்லியேஸேயின் குழுவில் வாசித்த எமிலியோ பால்கார்ஸேயை அதை நடத்த அழைத்தார். எண்பது வயதைக் கடந்த அவர் இளைஞர்களுக்குப் பழைய ஏற்பாடுகளை அடி அடியாகச் சொல்லிக்கொடுத்தார். இந்த முயற்சியைப் பதிவுசெய்த ‘சி சோஸ் புருஹோ’ என்ற ஆவணப்படம் 2005இல் வந்தது. இந்தக் காலத்து டாங்கோ மீட்சியில் இதைவிடப் பெறுமதியான வேலை வேறொன்று உண்டா என்பது சந்தேகம்.

டாங்கோ ஆடும் கூட்டங்களான மிலோங்காக்களில் பெரும்பாலும் பதிவிசைதான் ஒலிக்கும். ஆடுபவர்களுக்கு 1940களின் ஒலித்தட்டுகள் நிறுத்தம் நிறுத்தமாக மனப்பாடம். அதனால் நேரில் வாசிக்க வரும் குழு, அது 1998இல் தொடங்கிய பெல்கிரேடின் பெல்டாங்கோவாக இருந்தாலும் மாஸ்கோவின் சோலோ டாங்கோவாக இருந்தாலும், அந்தப் பதிவுகளோடு ஒப்பிடப்பட்டே தீரும். தாரியென்ஸோவின் ஏற்பாட்டைச் சுரம் பிசகாமல் வாசிப்பவர்களுக்கு அழைப்புகள் எளிதில் கிடைக்கின்றன. புதிதாக இயற்றுபவர்களுக்குச் சொந்த மேடை வேண்டியிருக்கிறது. 2001இல் தொடங்கிய புவெனஸ் ஐரிஸின் ஃபெர்னாண்டஸ் ஃபியெரோ குழு கூட்டுறவாக இயங்கி, அபாஸ்டோ பகுதியில் தனக்கென ஓர் அரங்கையே நடத்தி, அங்கே தன் படைப்புகளை வாசிக்கிறது.