பெயர் வெட்டிய பாத்திரங்கள்: குடும்பப் பழம்பொருள்களைச் செப்பனிடுதலும் மலாயாத் தமிழர் வரலாறும்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் காலனித்துவ அரசின் அறிக்கைகளையும் தோட்ட நிருவாகப் பதிவேடுகளையுமே சார்ந்திருக்க வேண்டியுள்ளது. அவற்றில் தொழிலாளர் தலைக்கணக்காகவும் கூலிக்கணக்காகவும் இடம்பெறுகின்றனரேயன்றித் தம் குரலில் பேசுவதில்லை. அவர்கள் கைப்பட எழுதி விட்டுச் சென்றவையும் மிகச் சிலவே. இந்நிலையில், அவர்தம் வழித்தோன்றல்களின் வீடுகளில் எஞ்சியிருக்கும் குத்துவிளக்கு, செம்பு, தவலை, அண்டா முதலியன வரலாற்றுச் சான்றுகளாக மதிக்கத்தக்கவை. அவற்றைச் செப்பனிடும் முறையைப் பொறுத்தே அச்சான்று நிலைப்பதும் அழிவதும் அமைகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

பித்தளை, செப்புப் பாத்திரங்களில் உரிமையாளரின் பெயரையோ சீராகக் கொடுத்தவரின் பெயரையோ உளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவது தமிழர் வழக்கம். தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர், நாள் ஆகியனவும் சிலவற்றில் காணப்பெறும். ஒரு குடும்பம் எவ்வூரிலிருந்து வந்தது, யாரோடு மண உறவு கொண்டது என்பவற்றை அறிய இப்பொறிப்புகள் துணைபுரிகின்றன. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர் வழங்கிய ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களும் காலத்தை ஓரளவு கணிக்க உதவுவன.

இப்பொருள்களின் அருமை குடியேற்ற வரலாற்றோடு பிணைந்தது. மலாயாவுக்கான ஒப்பந்த முறை ஆள்சேர்ப்பு 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறை மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சிக்காலத்தில் தாயகத்தோடு இருந்த கடல்வழித் தொடர்பு அற்றுப்போயிற்று. பின்னர்த் தோட்டத் துண்டாடலாலும் நில மேம்பாட்டாலும் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. எவர்சில்வர் பரவியபோது பழம்பாத்திரங்கள் எடைக்குப் போடப்பட்டன. இத்தனைக்கும் தப்பியவையே இன்று எஞ்சியுள்ளன.

அவற்றுக்கு இன்று நேரும் பெருங்கேடு அன்பினால் விளைவதாகும். பாட்டியின் விளக்கு புதியதுபோல் ஒளிர வேண்டும் என்னும் ஆவலில் அதைச் சுழல்சக்கரத்தில் மெருகேற்றக் கொடுக்கின்றனர். சக்கரம் கறையை மட்டுமன்றி உலோகத்தின் மேற்பரப்பையும் தேய்க்கிறது. ஆழமற்ற புள்ளியெழுத்துகள் அதனோடு மறைந்துவிடுகின்றன. மேலும், பழம்பித்தளையின் பழுப்புப் படலம் அழுக்கன்று. அது உலோகத்தைக் காக்கும் போர்வை. துடைத்த பின்னும் மீண்டும் மீண்டும் தோன்றும் வெளிர்பச்சைப் பொடியே அரிப்பின் அறிகுறி. உரிய பண்டுவம் வேண்டுவதும் அதுவே.

பழுதுபார்ப்பின் எல்லை குறித்த விவாதம் மேலைநாட்டிலும் நிகழ்ந்ததாகும். பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதாகக் கூறி அவற்றின் தொன்மையைச் சிதைப்பதை எதிர்த்து வில்லியம் மோரிசு 1877இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் நிறுவினார். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என 1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனம் வரையறுத்தது.

கட்டடங்களுக்கென வகுத்த இந்நெறியைப் புழங்குபொருளுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. செப்புப் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரமிட்டு, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பூசுவது காலந்தோறும் செய்யப்பட்டு வந்த பராமரிப்பு. அப்பூச்சின்றிப் புளிப்புணவு சமைத்தல் தீங்கு தரும். ஓட்டையடைத்த ஒட்டும் பற்றவைத்த கைப்பிடியும்கூட அப்பொருளின் வரலாறேயாகும். எனவே, பயன்பாட்டைத் தொடரச்செய்யும் செப்பனிடுதல் வேறு. பழமையை மறைத்துப் புதுமையெனக் காட்டும் செப்பனிடுதல் வேறு. முன்னது மரபின் தொடர்ச்சி. பின்னது சான்றின் அழிவு.

சிங்கப்பூரில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் போன்றவை அரும்பொருள்களைக் காத்து வருகின்றன. எனினும் வீடுகளில் உள்ளவற்றுக்கு வீட்டாரே காவலர். கல்வெட்டைப் படியெடுப்பதுபோல, பெயர்ப்பொறிப்பின்மீது மெல்லிய தாளை வைத்து மென்கரிக்கோலால் தேய்த்தால் எழுத்துகள் தாளில் பதியும். செப்பனிடுவதற்கு முன் இப்படியையும் நிழற்படத்தையும் எடுத்து, பொருள் வந்த வழியை மூத்தோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அகற்றப்பட்ட பகுதிகளையும் எறியாது பேணுதல் நன்று. பதிவேடுகளில் எண்ணாக மட்டுமே நின்ற ஒருவரின் பெயர், அவர்தம் தவலையின் விளிம்பில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும்.