மலைவேடன் கண்ட பனியுகம்

சுவிற்சலாந்து நாட்டின் தென்மேற்கே, உரோன் நதியின் மேற்பகுதியைச் சூழ்ந்து கிடப்பது வலே என்னும் மாநிலம். அதன் பக்கப் பள்ளத்தாக்குகளுள் ஒன்று பாஞ் எனப்படும். திரான்சு என்னும் சிற்றாறு அதனூடே இறங்கி, மார்த்தினி நகருக்கு அருகே உரோனுடன் கலக்கின்றது. இப்பள்ளத்தாக்கின் லூர்த்தியே என்ற ஊரிலே 1767ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் பியர் பெரோடன். மலையாடு வேட்டை அவர் தொழில். பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவரல்லர். ஆயினும், உலகம் ஒரு காலத்திலே பனிக்கட்டியால் மூடுண்டு கிடந்தது என்ற பேருண்மையின் முதற்படியிலே கால் வைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

வேட்டையின் பொருட்டு மலையெல்லாம் திரிந்த பெரோடனின் கண்ணிலே இரண்டு செய்திகள் பட்டன. பள்ளத்தாக்கின் பாறைகளிலே, அதன் போக்கை ஒட்டி நீண்ட கீறல்கள் காணப்பட்டன. அவை பனிக்கட்டியாறு பின்வாங்கிய இடங்களிலே புதிதாக வெளிப்பட்ட பாறைகளிற் காணும் கீறல்களையே ஒத்திருந்தன. அன்றியும், மார்த்தினியைச் சூழ வீடளவு பருத்த கற்கள் கிடந்தன. அவை எந்த வெள்ளத்தாலும் உருட்டி வரக்கூடியன அல்ல. ஆகவே, மலையுச்சியிலே ஒடுங்கிக் கிடக்கும் பனிக்கட்டியாறு முன்னொரு காலத்தில் மார்த்தினி வரை நீண்டு கிடந்திருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

பனிக்கட்டியாறு என்பது பெயரளவில் ஆறேயன்றி நீராறு போன்றதன்று. ஆண்டுக்காண்டு பெய்து உருகாது எஞ்சும் பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, தன் எடையால் மெல்ல மெல்லச் சரிவிலே இறங்குகின்றது. நாளொன்றுக்குச் சில அங்குலமே நகர்வனவும் உள. நகரும்போது அடியிலே அகப்பட்ட கற்களைப் பற்றிக்கொண்டு, தச்சன் அரத்தினால் மரத்தைத் தேய்ப்பது போலப் பாறையைத் தேய்க்கின்றது. ஆறு அறுத்த பள்ளத்தாக்கு ஒடுங்கிய அடியை உடையது. பனிக்கட்டி குடைந்த பள்ளத்தாக்கோ தொட்டி போல அகன்ற அடியும் செங்குத்தான பக்கங்களும் உடையது. பனிக்கட்டி உருகி முடியும் எல்லையிலே, அது சுமந்து வந்த கல்லும் மண்ணும் வரம்பு கட்டினாற் போலக் குவிந்துவிடுகின்றன. பனிக்கட்டி போன பின்னும் அவ்வரம்பு அங்கேயே நிற்கும்.

1815ஆம் ஆண்டிலே, பே நகரின் உப்புச் சுரங்கங்களுக்கு அதிபராயிருந்த சார்ப்பந்தியே என்னும் அறிஞர், பாஞ் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது ஓர் இரவு பெரோடனின் குடிசையிலே தங்கினார். வேடர் தம் கருத்தை அவரிடம் எடுத்துரைத்தார். கேட்டவரோ அதனை ஆராயத் தகாத விபரீதக் கற்பனை என்று தள்ளிவிட்டார். பிற்காலத்தில் தாம் எழுதிய நூலிலே இதனை அவரே ஒளிக்காமற் பதிவு செய்துள்ளார். அந்நேர்மைக்காகவே அவரைப் பாராட்டலாம்.

அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலேதான் இந்தோனேசியத் தீவுகளுள் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக 1816இல் ஐரோப்பா கோடையே இல்லாத ஆண்டொன்றைக் கண்டது. பயிர் விளையவில்லை; பனிக்கட்டியாறுகள் பெருகின. பாஞ் பள்ளத்தாக்கிற்கு மேலே தொங்கிய ஜியெத்ரோ பனிக்கட்டியாற்றிலிருந்து பெருங்கட்டிகள் உடைந்து இடுக்கிலே வீழ்ந்து, திரான்சு ஆற்றுக்குக் குறுக்கே அணையாயின. 1818ஆம் ஆண்டின் இளவேனிலில் அவ்வணைக்குப் பின்னே பெரியதோர் ஏரி தேங்கி நின்றது. இதே இடத்தில் 1595இல் இவ்வாறே அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை அவ்வூரார் மறந்திலர்.

மாநிலப் பொறியியலாளராயிருந்த இக்னாசு வெனெற்சு, பனிக்கட்டியினூடே சுரங்கமொன்று குடைந்து ஏரி நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றத் துணிந்தார். தலைமேற் பனிப்பாளங்கள் எந்நேரமும் விழக்கூடிய இடத்தில் மே மாதந் தொடங்கி ஊரவர்கள் முறைவைத்துக் குடைந்தனர். ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான அச்சுரங்கத்தின் வழியே யூன் 13ஆம் நாள் நீர் பாயத் தொடங்கியது. ஏரியின் ஒரு பகுதி வடிந்தது. எனினும் பாயும் நீரே அணையை அரித்தது. யூன் 16ஆம் நாள் பிற்பகலில் அணை பிளந்தது. ஏறக்குறைய 2 கோடி கனமீற்றர் நீர் மரங்களையும் வீடுகளையும் பாலங்களையும் வாரிக்கொண்டு அன்று மாலையே மார்த்தினியைச் சென்றடைந்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். வடிந்த நீரும் அவ்வேரியிலே எஞ்சியிருப்பின் அழிவு எத்துணைப் பெரிதாயிருக்கும் என்பதை எண்ணினால், வெனெற்சின் சுரங்கம் வீணாயிற்று என்று சொல்வது தகாது. பின்னரும் அவர் ஓயவில்லை. வெயிலிற் சூடேறிய ஓடைநீரை வாய்க்கால் வழியே பனிக்கட்டிமேற் பாய்ச்சி, அதனை வாள் கொண்டு அறுப்பது போல அறுத்தகற்றும் முறையை 1822 முதற் கையாண்டார்.

அணையோடு போராடிய வெனெற்சே பெரோடனின் சொல்லுக்குச் செவிசாய்த்தவர். பனிக்கட்டியாறு பெருகுவதும் சுருங்குவதும் அவருக்கு ஏட்டறிவன்று. மலைதோறுஞ் சென்று, பழைய கல்வரம்புகளைத் தேடிப் பார்த்தார். 1829ஆம் ஆண்டு பெரிய சென் பெர்னார்ட் கணவாயிலே கூடிய இயற்கையறிஞர் சபையில், அல்ப்சு மலையின் பனிக்கட்டி முன்னாளிலே சமவெளியையுங் கடந்து யூரா மலைவரை பரந்திருந்தது என எடுத்தியம்பினார். சபையோர் பெரும்பாலும் ஏற்றிலர். ஊழிப் பெருவெள்ளமே கற்களைச் சுமந்து சென்றது என்பதே அக்காலத்துப் பலரின் நம்பிக்கை.

வெனெற்சு தவறினார் என்று காட்டப் புறப்பட்ட சார்ப்பந்தியே, சான்றுகளை ஆராய ஆராய அவர் பக்கமே சாய்ந்தார். 1834இல் லூசேர்ண் நகரக் கூட்டத்திற்குக் கட்டுரையோடு செல்லும் வழியிலே, மைரிங்கன் ஊர் மரந்தறிப்பவன் ஒருவனைச் சந்தித்தார். பாதையோரத்துக் கருங்கற்கள் கிரிம்செல் மலையிலிருந்து பனிக்கட்டியாற்றினாற் கொண்டுவரப்பட்டவை என்று, கேளாமலே அவன் சொன்னான். கற்றவர் சபை மறுத்ததை மலைவாழ்நர் பலர் வழக்கமாகவே அறிந்திருந்தனர் போலும்!

அடுத்து வந்தவர் லூயி அகசி. புதைபடிவ மீன்களை ஆராய்ந்து இளமையிலேயே புகழெய்தியவர். அவரும் மறுக்கும் நோக்குடனேயே 1836இல் பே நகருக்குச் சென்று, கண்டு தெளிந்து திரும்பினார். 1837 யூலை 24ஆம் நாள் நெசாத்தெல் நகரிலே, மீன்களைப் பற்றிப் பேசுவார் என எதிர்பார்த்த சபையினர் முன் பனியுகத்தைப் பற்றிப் பேசினார். அந்நகரை அடுத்த சுண்ணக்கல் மலைச்சரிவிலே கிடக்கும் பெருங் கருங்கல், ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மொன் பிளாங் மலைத்தொகுதிக்கு உரியது. அதனை அங்கே கொணர்ந்து வைத்தது பனிக்கட்டியே. சபையில் எதிர்ப்பு எழுந்தது. மீனாராய்ச்சிக்கே திரும்புமாறு ஹம்போல்ட் அவருக்கு அறிவுரை எழுதினார்.

அகசியின் நூல் 1840இலும், சார்ப்பந்தியேயின் நூல் 1841இலும் வெளிவந்தன. அகசி தம் நூலை வெனெற்சுக்கும் சார்ப்பந்தியேக்கும் உரிமையாக்கினார் எனினும், புகழ் முந்திய நூலுக்கே போயிற்று. அதிலே மிகைக் கூற்றும் இருந்தது. வடதுருவத்திலிருந்து மத்தியதரைக் கடல்வரை ஒரே பனிப்போர்வை பரந்தது என்றார் அகசி. சார்ப்பந்தியேயின் அடக்கமான கூற்றே அல்ப்சு மலையைப் பொறுத்தவரை உண்மைக்கு அணித்தானது. பெரோடன் 1858இல், தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்தார்.

1818இல் அணை உடைந்த அதே இடுக்கிலே, இன்று 250 மீற்றர் உயரமான மொவ்வாசான் கொங்கிறீற்று அணை நிற்கின்றது. ஜியெத்ரோவோ மேலே சுருங்கிக் கிடக்கின்றது. சுவிற்சலாந்தின் பனிக்கட்டியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கனவளவிற் பத்திலொரு பங்கை இழந்தன. மலையுச்சிகளிலே ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் நிலமும் இளகி வருகின்றது. பாறைவெடிப்புகளில் உறைந்துள்ள நீர் சுண்ணச்சாந்து போல மலையைப் பிணித்து நிற்பது. அது உருகினால் பாறை கழன்றுவிடும்.

அதே வலே மாநிலத்தின் பிளாட்டன் என்னும் கிராமத்துக்கு மேலே, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், மலைமுகடொன்று இடிந்து பேர்ச் என்ற பனிக்கட்டியாற்றின்மேல் விழலாயிற்று. அளவையாளர் அதனை இடைவிடாது நோக்கிவந்தனர். மே 19ஆம் நாள், ஏறத்தாழ 300 ஊரவரும் அவர்தம் கால்நடைகளும் வெளியேற்றப்பட்டனர். மே 28ஆம் நாள், பாரந் தாங்காது பனிக்கட்டியாறு முழுவதும் சரிந்து ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. வெளியேற்ற எல்லைக்கு அப்பாலிருந்த ஒருவர் மட்டும் உயிரிழந்தார். சரிந்த குவியல் லொன்சா ஆற்றை மறித்தது. அதன் பின்னே ஏரி தேங்கி, எஞ்சிய வீடுகளும் நீரில் ஆழ்ந்தன. கீழூர்களிலுள்ளோர் சில நாள்கள் அச்சத்தோடு காத்திருந்தனர். ஆறு குவியலின் மேலே மெல்லத் தனக்கொரு வழியை அறுத்துக்கொண்டு இறங்கிற்று.