மவுண்ட் ரோடும் நம் தோட்டத்துத் திடலும்



சென்னைக்குச் செல்லும் மலேசியத் தமிழர் பலரின் பயணத் திட்டத்தில் கோயில்கள், கடற்கரை, துணிக்கடைகள் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறும். கடந்த பள்ளி விடுமுறையில் நானும் இம்மூன்றையும் பார்த்தேன். ஆயினும் ஒரு நாள் முழுவதையும் வேறோர் இடத்திற்கென ஒதுக்கி வைத்திருந்தேன். அவ்விடம் அண்ணா சாலை. நம் பெற்றோர் காலத்தில் அதன் பெயர் மவுண்ட் ரோடு. ஒரு காலத்தில் அச்சாலையும் அதன் கிளைத் தெருக்களும் தென்னிந்தியாவின் கேளிக்கைத் தலைநகரமாக விளங்கின.

சுங்கை ஊடாங்கில் வாழும் ஓர் ஆசிரியருக்கு அச்சாலையின்மேல் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் வட்டாரத்துத் தோட்டங்களில் திடலின் நடுவே இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தை மூத்தோர் அறிவர். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் செல்ல வேண்டியவர்கள், அன்று மட்டும் நள்ளிரவு வரை பாயில் அமர்ந்திருப்பார்கள். கிராணிமாருக்கு முன்வரிசையில் நாற்காலி; மற்றவர்க்குப் புல்தரை. இடம் கிடைக்காதவர்கள் துணியின் மறுபுறம் அமர்ந்து, எழுத்துகள் தலைமாறித் தெரிய, அதே படத்தை அதே மகிழ்ச்சியோடு பார்ப்பார்கள். அப்படங்கள் புறப்பட்டு வந்த ஊரைக் காண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

முதலில் சிறிது வரலாறு. சென்னையில் சலனப்படக் காட்சி 1897ஆம் ஆண்டிலேயே விக்டோரியா பொது மண்டபத்தில் நடைபெற்றது. அன்று படம் என்பது ஊர் ஊராகச் சுற்றும் வேடிக்கைப் பொருள். திருச்சியில் ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்துப் பல ஊர்களிலும் படம் காட்டினார். நம் தோட்டத்துத் திடலில் படம் காட்டியவர்களுக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

நிலையான அரங்குகள் எழுந்தபோது அவை மவுண்ட் ரோட்டை நாடின. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலை அது. வெள்ளையர்கள் பொருள் வாங்கிய ஸ்பென்சர் கடையும், 1844இல் தொடங்கப்பெற்ற ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் அங்குதான் இருந்தன. 1913இல் வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் அங்கே எலக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். பெயரே காலத்தைக் காட்டுகிறது. அன்று மின்சாரமும் ஒரு புதுமை! மறு ஆண்டு, 1914இல், ஒளிப்படக் கலைஞரான ரகுபதி வெங்கையா அப்பகுதியில் கெயிட்டி திரையரங்கை நிறுவினார். சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் திரையரங்கு அதுவே.

எல்பின்ஸ்டன், வெலிங்டன், கேசினோ என்று அங்கு எழுந்த அரங்குகளின் பெயர்களைக் கேட்டாலே அவை யாருக்காக எழுந்தன என்பது விளங்கும். அங்கு பெரும்பாலும் ஆங்கிலப் படங்களே ஓடின. தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தபோது, அது திரையிடப்பட்டது வடசென்னையில் இருந்த கினிமா சென்ட்ரல் அரங்கில். தமிழ் பேசத் தொடங்கிய திரை, மவுண்ட் ரோட்டின் தலைவாசலுக்கு உடனே வந்துவிடவில்லை.

ஆனால் வந்தபோது அது விருந்தாளியாக நிற்கவில்லை. 1940களின் தொடக்கத்தில் எஸ்.எஸ். வாசன் அச்சாலையின் தென்பகுதியில் ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1948இல் அங்கிருந்து வெளிவந்த ‘சந்திரலேகா’ இந்தியில் எடுக்கப்பட்டு வடநாட்டிலும் வெற்றி கண்டது. இரு சிறுவர்கள் ஊதுகொம்பு ஊதும் ஜெமினிச் சின்னம் திரையில் தோன்றியவுடன் தோட்டத்துப் பிள்ளைகள் கைதட்டிய கதையை என் பெற்றோர் வழியாகக் கேட்டிருக்கிறேன்.

1961இல் சாந்தி திரையரங்கு திறக்கப்பட்டது. சிவாஜி கணேசன் குடும்பத்திற்கு உரிமையாக இருந்த அவ்வரங்கில் அவ்வாண்டே ‘பாவமன்னிப்பு’ வெற்றிநடை போட்டது. 1964இல் சபையர், எமரால்டு, புளூ டைமண்டு என மூன்று அரங்குகளை ஒரே வளாகத்தில் கொண்ட சபையர் வளாகம் எழுந்தது. புளூ டைமண்டில் காட்சிகள் இடைவிடாமல் ஓடும். சீட்டு வாங்கியவர் எந்நேரமும் உள்ளே செல்லலாம். 1970இல் தேவி வளாகம் வந்தது.

இதனிடையே சாலையின் பெயரும் மாறியது. ஆங்கில ஆளுநர்கள் பவனி வந்த அச்சாலை, ‘வேலைக்காரி’ படத்திற்குக் கதை வசனம் எழுதிய ஒருவரின் பெயரைத் தாங்கியது. அறிஞர் அண்ணா 1967இல் ஆட்சிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த கலைஞர் மு. கருணாநிதி, எம்.ஜி.ஆர், ஜெயலலிதா ஆகிய மூவரும் திரையுலகிலிருந்து வந்தவர்களே. உலகில் வேறெங்கும் ஒரு கேளிக்கைத் தெருவுக்கும் கோட்டைக்கும் இவ்வளவு நெருங்கிய வழி இருந்திருக்குமா என்பது ஐயமே.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வெயிலைப் பொருட்படுத்தாமல் நடந்தேன். கடல் அருகில் இருந்தும் காற்று வரவில்லை. கையில் ஒரு தாளில் அரங்குகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தேன். தேவி வளாகம் இன்றும் இயங்குகிறது; வாயிலில் இளைஞர் கூட்டம் இருந்தது. வெலிங்டன் அரங்கு இல்லை. வெலிங்டன் பிளாசா என்ற வணிகக் கட்டடம் அதன் பெயரை மட்டும் காத்து வருகிறது. எல்பின்ஸ்டனும் கெயிட்டியும் இல்லை. சாந்தி 2016இல் மூடப்பட்டது. சபையர் வளாகம் 1990களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் நட்சத்திர விடுதி நிற்கிறது. ஆயினும் 1973இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தை மக்கள் இன்றும் ‘ஜெமினி பாலம்’ என்றே அழைக்கிறார்கள். அண்ணா மேம்பாலம் என்னும் அரசுப் பெயரைச் சொன்னபோது ஆட்டோ ஓட்டுநர் ஒரு கணம் யோசித்து, “ஜெமினியா சார்?” என்று கேட்டார்.

என் தாளில் இருந்தவற்றுள் மிகப் பழைய பெயர் எலக்ட்ரிக் தியேட்டர். நூறாண்டுக்கு மேலாகியும் அந்தக் கட்டடம் நிற்கிறது! அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் வளாகத்திற்குள் சென்று பார்த்தேன். படம் காட்டிய கூடம் இன்று அஞ்சல்தலை சேகரிப்போருக்கான பிரிவாக இருக்கிறது. சுவர்களும் முகப்பும் அமைதியாக இருந்தன. ஒரு முதியவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக ஓர் அஞ்சல்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஏன் பிழைத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். எலக்ட்ரிக் தியேட்டர் திரையரங்காக இருந்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 1915இல் அஞ்சல் துறை அதை வாங்கிவிட்டது. கேளிக்கையை விட்டு அரசு அலுவலகமானதால்தான் அது நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் மக்களை மகிழ்வித்த அரங்குகள், மகிழ்விப்பது இலாபமற்றுப் போன நாளில் நிலத்தின் விலைக்கு இரையாயின. கோயிலுக்கு அறங்காவலர் உண்டு. கோட்டைக்குத் தொல்லியல் துறை உண்டு. உழைத்துக் களைத்தவன் மூன்று மணி நேரம் தன் கவலையை மறந்த இடத்திற்குக் காவலர் யார்?

இக்கேள்வி சென்னையோடு நிற்பதன்று. நம் மலாக்கா மாநகரம் 2008ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும், 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அருகருகே நிற்பதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் தோட்டத்துத் தமிழன் தன் வாழ்நாளில் சிரித்த இடம், அழுத இடம், மேடை வசனத்தை மனப்பாடம் செய்த இடம் அந்தத் திடல். அதற்குக் கல்வெட்டு இல்லை, வரைபடம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. மக்கள் பட்டணம் போனார்கள். திடல் எங்கே இருந்தது என்று காட்டக்கூடியவர்கள் இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள்.

சென்னைக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு வாய்த்தது. தியடோர் பாஸ்கரன், ராண்டார் கை போன்றோர் பழைய அரங்குகளையும் படங்களையும் பற்றித் தேடி எழுதி வைத்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால், அஞ்சல்தலை வாங்கச் செல்பவருக்குத் தாம் ஒரு பழைய திரையரங்கிற்குள் நிற்கிறோம் என்பதே தெரிந்திராது. கட்டடத்தைக் காக்க அரசும் பணமும் வேண்டும். நினைவைக் காக்க ஒரு பேனாவும் சிறிது பொறுமையும் போதும்.

ஆகவே எதிர்வரும் தவணையில் என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பணி கொடுக்க எண்ணியிருக்கிறேன். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் படம் எங்கே காட்டினார்கள்? யார் கொண்டுவந்தார்கள்? முதலில் பார்த்த படம் எது? யார் அருகில் அமர்ந்து பார்த்தீர்கள்? நான்காவது கேள்விக்கு வரும் விடைகளில்தான் உண்மையான வரலாறு இருக்கும் என்பது என் எண்ணம். திடலுக்கு மலாய்க்காரரும் சீனரும் வந்தார்களா, பெண்கள் தனியே அமர்ந்தார்களா, கங்காணியின் பிள்ளையும் பால்மரம் வெட்டுபவரின் பிள்ளையும் ஒரே பாயில் இருந்தார்களா என்பவை அதிலிருந்தே விளங்கும்.

வாசகர்களும் இதில் பங்கேற்கலாம். மலாக்கா மாநிலத்தின் எந்தத் தோட்டமாயினும் சரி, உங்கள் வீட்டு மூத்தோர் சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் மறவாமல் குறியுங்கள். நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். எழுபது வயதுக்காரரின் நாளை நம் கையில் இல்லை.