தோலில் பூக்கும் பூ

மழைக்காலத்தில் மூலையில் கிடந்த செருப்பை எடுத்தால், அதன்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பொடி படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதைக் குறிக்க 'மோல்டி' என்று ஓர் அடைமொழி; அதன் வாடைக்கு 'மஸ்ட்டி' என்று வேறொன்று. நாமோ வாடையை 'மக்கல்' என்று சொல்லிவிட்டு, தோற்றத்தை மட்டும் 'பூசணம் பூத்தது' என்கிறோம். அழகான சொல்தான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் கிடங்குகளில் இந்தப் பூவை யாரும் விரும்புவதில்லை!

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்தில், தோலை நன்கு உலர்த்தியே அடுக்கினார்கள். ஈரம் ஏறினால்தான் தொல்லை. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்தினார். பின்னர் அது பரவியபோது நிலைமை மாறியது. குரோமில் ஊறி வெளிவரும் நீலத்தோலில், அதாவது 'வெட் புளூ'வில், பாதிக்கு மேல் தண்ணீர், கூடவே அமிலத்தன்மை. பாக்டீரியாக்களுக்கு அமிலம் ஒத்துக்கொள்ளாது. பூசணத்துக்கோ அதுவே விருந்து! அடுத்த வேலைக்காகத் தோல் வாரக்கணக்கில் அடுக்கில் காத்திருக்கையில், ஆஸ்பெர்ஜில்லஸ் கறுப்பாகவும் பெனிசிலியம் பச்சையாகவும் அதில் குடியேறும். துடைத்தாலும் கறை நிற்கும். அந்த இடத்தில் சாயம் ஒரே சீராக ஏறாது. தோலின் தரம் இறங்கிவிடும்.

இதைத் தடுக்கப் பல நாடுகளிலும் பென்டாகுளோரோபீனால் சேர்த்து வந்தனர். மலிவான மருந்து, ஆனால் நஞ்சு. 1989 டிசம்பரில் ஜெர்மனி அதற்குத் தடை விதித்தது. ஒரு கிலோ பொருளில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்க முடியாது! ஜெர்மனியோ நம் தோலுக்கும் காலணிக்கும் பெரிய சந்தை. பாலாற்றங்கரை ஊர்களில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு இந்தத் தொழிலை நம்பி எரிகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியாவும் 1990-களின் தொடக்கத்தில் அந்த மருந்தைத் தடைசெய்தது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சோதனையிலும் மாற்று வழிகளிலும் தொழிலுக்குத் துணைநின்றது. டி.சி.எம்.டி.பி. போன்ற வேறு மருந்துகள் புழக்கத்துக்கு வந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. பூசணத்தைத் தடுக்கக் காலணிப் பெட்டிகளிலும் சோபாக்களிலும் சிறு பொட்டலமாக வைக்கப்பட்ட டைமீத்தைல் பியூமரேட், ஐரோப்பாவில் பலருக்குத் தோலைப் புண்ணாக்கியது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் விலக்கியது. இம்முறை வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான்.

இன்று புதுக் காலணிப் பெட்டியில் நீங்கள் காணும் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கா ஜெல். அது பூசணத்தைக் கொல்வதில்லை. பூசணம் முளைக்கத் தேவையான ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.